கேட்காமல் கட்டிய பேனர்

தலிசாய்,
ஈஸ்டர் கழிந்த செவ்வாய்

அன்புள்ள மகன் ஆர்னியலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை மரிவிக்கும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே மணிலாவில் உன் முழங்காலும் கணுக்காலும் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். மற்றச் செய்தியெல்லாம் பிறகு, நடந்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்த் தலைவர் கேப்டன் போனிங், உன்னையும் கேட்காமல் என்னையும் கேட்காமல், மே மாதத் திருவிழாவின் கடைசிக் கூடைப்பந்து ஆட்டத்தில் நீ நம் ஊர் அணிக்கு ஆடுவாய் என்று ஊர் வாசல் வளைவில் பேனர் கட்டிவிட்டார். உன் படம் ஒரு முழம், அவர் படம் இரண்டு முழம். கீழே ‘நம் மண்ணின் மைந்தன், நம் கேப்டனின் வளர்ப்பு’ என்று எழுத்து. அவர் உனக்கு ஞானத்தகப்பன்தான், ஞானஸ்நானத்தன்று உன்னைக் கையில் ஏந்தி நின்றார், அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கை அதற்குப் பிறகு உன் பக்கம் நீளவே இல்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ சரிப்பா சரிப்பா என்கிறாய், பின்னால் கோச்சின் விசில் கேட்கிறது, உடனே அம்மா போனைப் பிடுங்கிச் சாப்பிட்டாயா என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் எழுதி, கப்பலேறும் தச்சன் நெஸ்தோரிடம் கருவாட்டுப் பொட்டலத்தோடு கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை உடனே வெயிலில் ஒரு முறை காட்டு, இந்தத் தடவை மழையில் சரியாகக் காயவில்லை.

இது எப்படி நடந்தது என்றால், நான் கரையில் லூயிங்கின் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து கேப்டன் வீட்டுக்கு வந்திருக்கிறார். அம்மா காப்பி போட்டு, வாழைப்பழம் பொரித்து வைத்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, நம்ம பையன் திருவிழாவுக்கு வருவானில்லையா ஃபெலிசா, ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகட்டுமே என்றாராம். அம்மா சிரித்துக்கொண்டே, அவன் உங்கள் பிள்ளை கேப்டன், நான் என்ன சொல்ல இருக்கிறது என்றாளாம். வேறு என்ன சொல்வாள். நம் வீட்டுக் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்திருக்கும் ஞானத்தகப்பனிடம் நம் ஊரில் யார் முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். அது மரியாதைக்குச் சொன்ன பேச்சு என்று அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் காப்பியைக் குடித்து முடித்து நேராக டவுனுக்குப் போய் அச்சுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அக்டோபரில் ஊர்த் தேர்தல் வருகிறது, அதை நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பேனர் விஷயத்தில் இந்த மனிதர் இப்படிச் செய்வது இது முதல் தடவை இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் அப்போது நீ திரும்பி ஊருக்கு வராததால் பாதிதான் தெரியும். அணிகள் பெயர் கூப்பிட்டு ஆள் எடுக்கும் அந்த நாளில் நாம் மணிலாவில் அந்தப் பெரிய கடை வளாகத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டை உனக்குத் தோளில் பிடித்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் எழுந்து கத்தியது. கடைசிச் சுற்றில் அணிகள் இனிப் போதும் போதும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டன, நாற்காலிகளை மடிக்கிறவர்கள் நம் வரிசைக்கு வந்து, மன்னிச்சுக்கோங்க ஐயா என்றார்கள். நீ தேர்வானால் கொண்டாட எடுத்து வைத்திருந்த ஓலைச் சோற்றுக் கட்டிகளை அம்மா அங்கேயே பிரித்து, உன்னைப் போலப் பெயர் வராமல் நின்ற பையன்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். ஒருவன் அழுதுகொண்டே இரண்டு வாங்கிக்கொண்டான். அதுவரை உனக்குத் தெரியும். நாங்கள் கப்பலில் திரும்பி ஜீப்பில் ஊர் வளைவுக்குள் நுழையும்போது தலைக்கு மேலே ‘தேர்வானதற்கு வாழ்த்துகள் ஆர்னியல் சுமகாய்சாய், அன்புடன் கேப்டன் போனிங்’ என்று தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாளே கட்டிவிட்டிருக்கிறார். டிரைவர் வானொலியை அணைத்தார். கழற்றுங்கள் என்று கேப்டனிடம் கேட்கப் போனேன். கழட்டினா உங்க பையனுக்குத்தானே அவமானம் காரியோ அண்ணே, நாளைக்கு வேற எங்கயாவது எடுத்துக்குவாங்க, அதுவரைக்கும் இருக்கட்டும் என்றார். புயல் வந்து பிய்த்துக்கொண்டு போகும்வரை அது இருந்தது. அதன் அடியில் தினமும் சந்தைக்குப் போய் வந்தவள் உன் அம்மா.

பிறகு நீ பட்ட பாட்டில் அவருக்குப் பங்கில்லை. மிந்தனாவோவில் கூரை ஒழுகுகிற அரங்குகளில் ஆடினாய், சம்பளம் வராத மாதங்களில் அணியின் வேனிலேயே படுத்தாய், அதையெல்லாம் நீ எங்களுக்குச் சொல்லவில்லை, மரிவிக்குக்குச் சொன்னாய், அவள் எனக்குச் சொன்னாள். பிறகு மணிலா அணி உன்னைப் பயிற்சிக்கு மட்டும் எடுத்தது. அடுத்த ஆட்டத்தில் எதிரணியில் வரப்போகிறவன் எவனோ அவனைப் போலவே நீ பயிற்சியில் ஆடிக்காட்ட வேண்டும், மற்றவர்கள் உன்னைத் தடுத்துப் பழக வேண்டும், ஆட்டத்தன்று உனக்கு பெஞ்சில்கூட இடமில்லை. இரண்டு பருவம் அப்படி மற்றவர்களாகவே ஆடினாய். இது ஒரு வேலையா, ஊர் திரும்பி என்னோடு எஞ்சின் பார்க்க வா என்று நான் சொன்னேன், நீ மாட்டேன் என்றாய். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. உங்கள் அணியில் பந்தைத் தட்டி முன்னே கொண்டுபோகிறவனுக்குத் தோள்பட்டை விலகிய அன்று கோச் திரும்பிப் பார்த்தபோது, எதிரணியின் எல்லா ஆட்டமும் கைவசம் இருந்த ஆள் நீ ஒருவன்தான். சட்டையில் உன் பெயர் அச்சடிக்க நேரமில்லாமல் வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நோராவின் பெட்டிக்கடையில் எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்டம் சூடேற வியர்வையில் டேப்பின் ஒரு முனை கழன்று, பாதிப் பெயர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பாதிப் பெயரை நான் படித்தேன். பக்கத்தில் நின்ற கேப்டன், ஒரு நாள் கூத்து, நாளைக்குப் பழைய ஆள் வந்துடுவான் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று உனக்கு இரண்டு வருட ஒப்பந்தம். யாரும் கூப்பிடாத பெயர், நீயே போய்ச் சொல்லிக்கொண்ட பெயர். அதில் வளர்ப்பு என்று இன்னொருவர் கையெழுத்துப் போடுவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஒப்பந்தத்தைப் பற்றி கிறிஸ்துமஸுக்கு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அணியின் அனுமதி இல்லாமல் வெளியாட்டம் எதிலும் இறங்கக் கூடாது, இறங்கினால் தண்டனை, அதில் அடிபட்டால் ஒப்பந்தமே போகும். நம் மைதானத்துக்குக் கூரை மட்டும்தான் புதிது, தரை அதே வெடித்த சிமெண்ட்தான். வளையம் தாங்கும் இரும்புத் தூணுக்கு ஒரு பஞ்சு மூட்டைகூடக் கட்டவில்லை. எதிரே ஆடப்போகிற பாலிகான் ஊர்க்காரர்கள் வெளியூரிலிருந்து ஆட்களைக் கூலிக்குக் கொண்டுவருகிறார்கள், உன்னைக் கீழே தள்ளினான் என்ற பெயருக்காகவே ஒருவன் வருவான். பரிசு ஒரு பன்றி. ஒரு பன்றிக்காக நீ முழங்காலைக் கொடுக்கப் போகிறாயா. மரிவிக்குக்கு நீ அனுப்பிய செய்தியை நான் பார்த்தேன், ஆட்டத்தின் முதல் கால் பகுதி மட்டும் ஆடினால் என்ன ஆகிவிடும் என்று கேட்டிருக்கிறாய். அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு இளகின மனசு. மேளம் அடித்து மைக்கில் உன் பெயரைச் சொல்லி, சின்னப் பிள்ளைகள் வரிசையாக நின்று கத்தினால் இறங்கிவிடுவாய். இறங்கினால் முதல் கால் பகுதியோடு யார் உன்னை வெளியே விடுவார்கள்.

நான் ஏணி எடுத்துப் போய்ப் பேனரை அறுத்து இறக்கினேன். அதற்கு கேப்டன் என் மேல் புகார் எழுதி, ஊர்ச் சமரசக் கூட்டத்துக்கு வரச்சொன்னார். போனால் நடுவர் நாற்காலியில் அவரேதான் உட்கார்ந்திருக்கிறார். புகார் கொடுத்தவரும் அவர், விசாரிக்கிறவரும் அவர், சுற்றி உட்கார்ந்த பெரியவர்கள் அவர் வாங்கி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்கள். என்ன சமரசம் என்று கேட்டேன். பேனரை நான் திரும்பக் கட்ட வேண்டும், ஊர் முன்னால் வருத்தம் சொல்ல வேண்டும், அதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு கேப்டனே பேசினார்.

“தலைக்கனம் பையனுக்கு வந்துட்டுதா, இல்ல உங்களுக்கா அண்ணே? ஊரு கேக்குது, ஒரு ஆட்டம். இந்த மைதானத்துலதான அவன் பழகினான்?”

“கேக்கறதுன்னா கட்டுறதுக்கு முன்னாடி கேக்கணும் கேப்டன். கட்டிட்டு வந்து கேக்கறதுக்கு என்ன பேரு?”

“அப்ப நான் அவனுக்கு யாரும் இல்லையா?”

“அவன் பேரை யாரும் கூப்பிடாத அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க? அதைச் சொல்லுங்க, நானே ஏணி புடிக்கிறேன்.”

ஒரு பெரியவர் இருமினார். கூட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள், அதற்குள் பேனரைத் தைத்து மறுபடி கட்டிவிட்டார்கள். உன் மூக்கின் குறுக்கே தையல் போகிறது.

எனக்குக் களைத்துவிட்டது மகனே. எஞ்சின் வேலை முன்போல் வரவில்லை என்பதைச் சொல்லவில்லை, அது வயசு. தெருவில் நடந்தால் களைப்பு. மீன் விற்கும் தோலோர் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு, உங்க மகனுக்கு இப்ப நம்ம ஊரு வளையம் தாழ்வாப் போச்சோ என்கிறாள். நேற்றுவரை உன் பெயரைத் தப்பாகச் சொன்னவர்கள் எல்லாம் இன்று நீ அவர்களுக்குக் கடன்பட்டவன் போலப் பேசுகிறார்கள். அம்மா என்னோடு பேசுவதில்லை, சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். ஞானத்தகப்பனோடு சண்டை போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பது அவள் பயம். அவள் பக்கம் தப்பில்லை, அவளுக்கு நீ வர வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் அந்த ஜீப்பில் திரும்பிய நாளுக்குப் பிறகு நீ திருவிழாவுக்கு வந்ததே இல்லை. உன்னை வராதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுத எழுத அதற்கு மனம் வரவில்லை. அவர் கட்டிய ஒரு துணிக்குப் பயந்து நீ ஏன் உன் வீட்டுக்கு வராமல் இருக்க வேண்டும். இத்தனை வருடம் அப்படி இருந்துவிட்டாய், போதும்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், யார் எதைச் செய்வது என்பதையும் சேர்த்து. நீ வா. திருவிழாவுக்கு முந்தின நாள் விமானத்தில் வந்து இறங்கு, வந்ததும் நேராக அம்மாவிடம் போ. பந்து ஷூவை மணிலாவிலேயே வைத்துவிட்டு வா, ரப்பர் செருப்பும் வேண்டாம், நம் ஊரில் செருப்போடும் ஆடச் சொல்வார்கள், பூசைக்குப் போடுகிற தோல் ஷூ ஒன்றே போதும். கேப்டனைப் பார்த்தால் அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்து ஆசி வாங்கு, அதில் குறை வைக்காதே, அவர் எப்படி இருந்தாலும் நீ அந்த மரியாதைக்குப் பிறந்தவன். ஆட்டத்தைப் பற்றி அவர் ஆரம்பித்தால் அப்பாவிடம் கேளுங்கள் என்று மட்டும் சொல், அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். மரிவிக் உன் பக்கத்திலேயே இருப்பாள், மைக் பிடித்தவன் உன்னை நோக்கி வந்தால் உன்னைச் சாப்பிடக் கூப்பிடுவாள். அம்மா செய்ய வேண்டியது எதுவும் இல்லை, அவள் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கேப்டன் பேனரைத் தன் கையாலேயே கழற்ற வேண்டும், கழற்ற மாட்டார், அது அவர் பாடு. நான் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கடைசி ஆட்டம் தொடங்கும் முன் நானே மைதானத்தின் நடுவில் போய் மைக்கை வாங்கி, என் மகன் ஆட வந்தான், நான்தான் விடவில்லை என்று சொல்லப் போகிறேன். நீ கூட்டத்தில் நின்று எதையும் மறுக்காதே, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நில். தலைக்கனம் பிடித்தவன் என்ற பெயர் எனக்கு வரட்டும். இந்த வயதில் என்னை எந்த அணியும் எடுக்கப் போவதில்லை.

மாதாவின் காவல் உன் இரண்டு முழங்கால் மேலும் இருக்கட்டும். ஈரத் தலையோடு தூங்காதே. விமான டிக்கெட் எடுத்ததும் மரிவிக்குக்குச் சொல், அம்மா அரிசி ஊறவைக்க வேண்டும்.

உன் அப்பா,
மக்காரியோ சுமகாய்சாய்