மடியில் முடிந்த மாத்திரை

செவ்வாய் இரவு. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

வேட்டி மடியில் பொட்டுக்கடலையோடு மூட்டுவலி மாத்திரை அட்டையையும் முடிந்து வைத்தது என் தப்பு. காலையில் நான் கண்ணயர்ந்த நேரம், இரண்டு வயதுப் பேத்தி காலி அட்டையோடு எதையோ மென்றுகொண்டிருந்தாள். பத்தையும் தின்றுவிட்டாள் என்று மகன் அலறினான். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எத்தனை மாத்திரை தின்றாள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணுதாங்க," என்றேன்.

"கைநாட்டுக்குக் கணக்கு வேறயா? சும்மா இருப்பா," என்றான் மகன்.

"அட்டையில பத்து. நான் தின்னது வியாழன் ரெண்டு, வெள்ளி ரெண்டு. சனிக்கிழம மழ, மூணு. ஞாயிறு ரெண்டு. நேத்து வலியில்ல. மிச்சம் ஒண்ணுதான்."

நாலு மணி நேரம் வைத்திருந்து ரத்தம் பார்த்தார்கள். "தாத்தா சொன்னதுதான் சரி. பயமில்ல, கூட்டிட்டுப் போங்க," என்றார் டாக்டரம்மா.

வேப்பந்தட்டை வீட்டுக்குத் திரும்பும்போது மகனே பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துத் தந்தான். இனி மாத்திரை பரண்மேல்தான். பேத்தி என் தோளிலேயே தூங்கிவந்தாள்.