ஒப்பமில்லாத சீட்டுகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? செவலைப் பசு கன்று போட்டதா? அத்தை வீட்டில் நான் நன்றாக இருக்கிறேன்.

செவ்வாயன்று நடந்த, கட்சிகள் போட்டியிடாத கவுண்டி நிர்வாகத் தலைவர் தேர்தலில், பள்ளியின் அனுமதியோடு அத்தை பொறுப்பாளராக இருக்கும் வாக்குச்சாவடியில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு வாக்குச்சீட்டின் பின்னாலும் சாவடி ஊழியர் இரண்டு பேர் ஒப்பமிட்ட பிறகே அதைக் கொடுக்க வேண்டும். ஓட்டுப் போட வந்த விட்கோவ்ஸ்கி தாத்தா சீட்டைப் புரட்டிப் பார்த்து, "என்னம்மா, கட்சிப் பேரே போடல? யாரைத் திட்டுறதுன்னு தெரியாம எப்படி ஓட்டுப் போடறது?" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, அடுத்த கட்டுச் சீட்டுகளை என் ஒப்பமில்லாமல் கொடுத்துவிட்டேன். இருபது சீட்டாவது இருக்கும்.

வென்றவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் ஒன்பதே ஓட்டு. திங்கட்கிழமை மறு எண்ணிக்கை. ஒப்பமில்லாதவற்றைத் தள்ளிவிடலாமாம். தப்பு என்னுடையது என்று முன்பே எழுதிக் கொடுத்தால் அந்த ஓட்டுகளை ஒருவேளை ஏற்றுக்கொள்வார்கள்.

இன்று சாப்பிடும்போது அத்தை, "இருபது வருஷமா என் சாவடியில ஒரு சீட்டுகூடத் தள்ளுபடி ஆனதில்லடி. வந்து எண்ணிப் பாக்கட்டும்!" என்று சொல்லி எனக்கு இன்னொரு துண்டு கோழி வைத்தார். அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன்.

என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். அம்மாவின் பழைய ஸ்வெட்டரையும்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன் என்று ஞாயிறு சாயங்காலத்துக்குள் நான் உங்களுக்குப் போன் பண்ணாவிட்டால், எனக்குத் தைரியம் வரவில்லை என்று அர்த்தம். நீங்களே அத்தையைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். வேண்டாமென்று நான் அழுதாலும் சொல்லிவிடுங்கள்.

படியில் அத்தையின் காலடிச் சத்தம். நிறுத்துகிறேன்.

இங்க்ரிட்