வெட்டுக்கிளியின் ஏழு பக்கங்கள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறபடி இருக்கிறோம், எனக்கு வலக்கண்ணில் புரை எடுத்து ஐந்து வாரம் ஆகிறது, அப்பாவுக்குக் காது மெஷின் மாற்றியாயிற்று, அதனால் இப்போதெல்லாம் நான் முணுமுணுப்பதும் அவருக்குக் கேட்டுத் தொலைக்கிறது. மாடிக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்கிறான். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, வீடியோவில் பார்த்தேன், கன்னம் பூசினாற்போல இருக்கிறது, நன்றாகத்தான் சாப்பிடுகிறாய். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் எனக்கு மனசு இளகிவிடும், சொல்ல வந்ததைப் பாதியில் முழுங்கிவிடுவேன்.

அங்கே உங்கள் பல்கலைக்கழக மேடையில் நீ பேசியதை அப்பா மூன்று தடவை போட்டுப் பார்த்தார், புதுக் கண்ணால் நானும் பார்த்தேன். விளையாட்டுக்காக எடுக்கிற பிள்ளைகளுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண்ணை நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்தாக உயர்த்தும் கமிட்டிக்கு நீதான் தலைவி என்றார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் நீ ஒரு கதை சொன்னாய். என்னோடு நீளம் தாண்டிய ஒருத்தி இருந்தாள், வெட்டுக்கிளி என்று கூப்பிடுவோம், காலில் அவ்வளவு திறமை, ஆனால் படிப்பில் அக்கறை இல்லை, ஒரே ஒரு பாடத்தில் பெயிலாகி வந்த வாய்ப்பைக் கோட்டைவிட்டாள், எல்லாருக்கும் அதே கோடு அதே மணல்தான், படித்தவர்கள் தாண்டிப் போனார்கள் என்றாய். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் நான் சும்மா இருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் கண் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பும்போது வாடகைக் கார் பெட்ரோல் பங்கில் நின்றது. நீல யூனிபார்ம் போட்ட ஒருத்தி குழாயைச் சொருகிவிட்டு ஜன்னலில் குனிந்து, "மேடம், என்னைத் தெரியுதா? வெட்டுக்கிளி" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பாட்டுக்குப் போனை எடுத்து நீட்டி, "பாத்தீங்களா, உங்க பொண்ணு அவ்ளோ பெரிய மேடையில என்னைப் பத்திப் பேசியிருக்கா, எங்க பங்குல எல்லாருக்கும் காட்டிட்டேன்" என்கிறாள். மக்கு என்று நீ ஊருக்கெல்லாம் சொன்னதை அவள் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிகிறாள். அவளுக்கு ஒரு மகளாம், நீங்கள் இருவரும் படித்த அதே கல்லூரியில் முதல் வருஷம், அம்மாவைப் போலவே தாண்டுகிறாளாம். இங்கிருந்து உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வருஷத்துக்கு ஒருத்தியை அனுப்புகிறார்களே, நீ போனாயே அந்த இடம், அதற்கு இந்த வருஷம் அவள் பெயர் போயிருக்கிறது, மதிப்பெண் ஐம்பத்தொன்று. அவள் என்னிடம் எந்த உதவியும் கேட்கவில்லை. "புது ரூல் இந்த வருஷமேவா, அடுத்த வருஷத்துல இருந்தா? அதை மட்டும் கேட்டுச் சொல்றீங்களா மேடம்? மனசைத் தயார் பண்ணிக்கத்தான்" என்றாள். அன்று சாயங்காலமே உன்னிடம் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. "இந்த வருஷமேதான். ரூல்னா எல்லாருக்கும் ரூல்தாம்மா, சிபாரிசெல்லாம் நம்ம குடும்பத்துக்குப் பழக்கமில்ல" என்றாய். போனை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா வந்து என்ன ஜோக் என்று கேட்டார்.

நம் குடும்பத்தின் பழக்கத்தை உனக்கு ஒருமுறை எழுதிவிடுகிறேன். நீயும் அவளும் முதல் வருஷம் படித்தபோது அவள் கல் குவாரிக்கு வேலைக்கு வந்தவர்களின் வரிசை வீட்டிலிருந்து வந்தாள், நம் பேச்சையே வேறு ராகத்தில் பேசுவாள், அதை நீங்கள் பேசிக்காட்டிச் சிரிப்பீர்கள், நம் வீட்டுக் கூடத்திலேயே நீ பேசிக்காட்டியிருக்கிறாய். எல்லாத் தரப்புப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுக்கிறோம் என்று காட்ட அவள் தாண்டுகிற போட்டோவைக் கல்லூரி வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டினார்கள். உள்ளே புள்ளியியல் வாத்தியார் அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, "நீ தாண்டத்தானே வந்தே, உனக்கெதுக்கு இதெல்லாம்" என்பார். அதே வாத்தியார் உனக்கு நம் வீட்டுக்கே வந்து நோட்ஸ் கொடுத்துவிட்டுப் போனார், ஏனென்றால் உன் அம்மா அந்தக் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் இருந்தாள். அப்படியெல்லாம் தாங்கியும் மணலில் நீ ஒரு நாளும் அவளை முந்தவில்லை. ஒரு சாண் குறைவு, சில நாள் ஒன்றரைச் சாண். கோச் என் மேஜைக்கு வந்து, "உங்க பொண்ணு நல்லாத்தான் செய்யுது மேடம், ஆனா அந்தப் பொண்ணு இருக்கிற வரைக்கும் ரெண்டாவதுதான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். திருத்துகிறவருக்கு யாருடையது என்று தெரியாதபடி விடைத்தாளில் பதிவெண் இருக்கிற துண்டைக் கிழித்துவிட்டு டம்மி நம்பர் போடுவது என் வேலை. புள்ளியியல் விடைத்தாள் கட்டுக்குள் அவளுடையது வந்தது, கூடுதலாக வாங்கி எழுதிய ஏழு பக்கம் பின்னால் நூலில் கட்டியிருந்தது, முகப்பில் கூடுதல் தாள் எத்தனை என்று எழுதும் கட்டத்தைக் கண்காணிப்பாளர் நிரப்ப மறந்திருந்தார். நூலை அவிழ்த்தேன். ஒரே ஒரு முடிச்சு. முப்பத்தொன்று வாங்கிப் பெயிலானாள், பாஸுக்கு நாற்பது வேண்டும், பெயிலானவளை அனுப்ப முடியாது என்பது அப்போதும் ரூல்தான். மறுமதிப்பீட்டு மனுவோடு என் ஜன்னலுக்கு வந்து, "ஏழு பக்கம் சேத்து எழுதினேன் மேடம், எப்படி பெயிலாவேன்?" என்று கேட்டாள். கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நேற்றோடு முடிந்துவிட்டது என்றேன். அதோடு விட்டேனா, நிறைய எழுதினால் போதாது, சரியாக எழுத வேண்டும் என்று புத்தியும் சொன்னேன். தேங்க்ஸ் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட எனக்குக் கை வரவில்லை. இருபத்தாறு வருஷம் விடைத்தாளைக் கிழிக்காதே என்று மற்றவர்களைத் திட்டியே பழகிய கை. வீட்டுக்குக் கொண்டுவந்து துணி அலமாரியில் சர்டிபிகேட் பைலுக்குள் வைத்தேன். பாஸ்போர்ட்டுக்கு என்று நீ அந்தப் பைலை எடுத்த அன்று நான் அறை வாசலில்தான் நின்றேன், நீ பார்க்கவில்லை. ஏழு பக்கத்தையும் கட்டிலில் பரப்பிவைத்துப் படித்தாய். இடப்பக்கம் சாய்ந்த அந்தக் கையெழுத்து யாருடையது என்று உனக்கா தெரியாது, அவளிடம் நோட்டு வாங்கிக் காப்பியடித்தவள்தானே நீ. ஒவ்வொன்றாக அடுக்கி, மடிப்பு மாறாமல் உள்ளே வைத்துவிட்டு, "பர்த் சர்டிபிகேட் கெடைச்சிடுச்சும்மா" என்று குரல் கொடுத்தாய். ஒரு வார்த்தை கேட்பாய் என்று உன்னை விமானம் ஏற்றுகிற வரைக்கும் காத்திருந்தேன். கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீ கேட்கவில்லை. அவிழ்த்தவள் நான், அதன் மேல் கால் வைத்துத் தாண்டியவள் நீ.

உன்னிடம் போனில் பேசிய மறுநாள் அந்த ஏழு பக்கத்தையும் புள்ளியியல் வாத்தியார் வீட்டுக்குக் கொண்டுபோய், யாருடையது என்று சொல்லாமல் திருத்தித் தரச் சொன்னேன். ஓய்வு பெற்றுச் சும்மா இருப்பவர், ஆசையாகச் சிவப்புப் பேனா தேடி எடுத்தார். பத்தொன்பது போட்டார். "நல்ல புள்ளையா இருக்கே, யாருங்க?" என்று வேறு கேட்டார். முப்பத்தொன்றும் பத்தொன்பதும் ஐம்பது. அங்கிருந்து நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போனேன். ஆயில் டின் அடுக்கிய பின்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு என்னை உட்காரவைத்தாள். சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள், சிவப்பு மை இருந்த இடத்திலெல்லாம் விரலை வைத்தாள். அறைவாள் என்று நினைத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். அவள் அறையவில்லை. "நான் மக்குன்னே நெனச்சிட்டேன் மேடம். எம் பொண்ணு புஸ்தகத்தை மூடினாலே அடிப்பேன். என்னை மாதிரி மக்காப் போயிடாதேன்னு சொல்லிச் சொல்லி அடிப்பேன். பரீட்சைக்கு முந்தின நாள் அவ கையில அடிச்சு, வீங்கின விரலோட போய் எழுதிட்டு வந்தா. அதுலதான் அம்பத்தொண்ணு" என்றாள். வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள், அவள் எழுந்து போகவில்லை. பக்கங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, "எழுதிக் குடுங்க" என்றாள். தேதி போட்டு எழுதினேன். "உங்க பொண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது, பெற்ற வாயாயிற்றே. தெரியும் என்றேன். "அதையும் எழுதுங்க" என்றாள். நீ பார்த்த நாள், அலமாரி, பைல், நீ சொன்ன வார்த்தை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பிரதி கல்லூரிக்கு, ஒரு பிரதி உங்கள் பல்கலைக்கழகத்துக்கு, அவளே கூரியரில் அனுப்பிவிட்டாள். மன்னிப்புக் கேட்டேன். "அதை அப்புறம் பாக்கலாம் மேடம், கஸ்டமர் நிக்கிறாங்க" என்று எழுந்து போனாள்.

என் பென்ஷனை நிறுத்துவார்கள், நிறுத்தட்டும். அப்பாவிடம் சொன்னேன், ஒரே தடவையில் கேட்டுவிட்டது அவருக்கு. டிவி அணைந்து எட்டு நாள் ஆகிறது, சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். உன்னைக் காலையில் இருட்டோடு எழுப்பி மைதானத்துக்குக் கூட்டிப்போனவர் அவர், மணலைச் சமப்படுத்தியவர் அவர், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரிடம் மட்டும் போனில் பேசு, என்னைக் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, நீ காபி குடித்துவிட்டுப் போடுகிறவள். ஆயுசோடும் கைகால் சுகத்தோடும் இரு, அந்த ஆசீர்வாதத்தை நான் வாபஸ் வாங்கவில்லை. இதைச் சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன், வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் உன்னைக் கூப்பிட்டு விசாரித்து முடித்திருப்பார்கள். அங்கே என்ன சொன்னாய் என்று எழுது. எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் அம்மா செய்தது என்று சொல்லியிருந்தால் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா