எனக்குப் பத்தொன்பது வயசு

மார்ச் 4, செவ்வாய்

காய்கறிக் கடைக்காரர் இன்றைக்கும் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கொத்தமல்லிக் கட்டு இலவசம். பை நிறைந்த பிறகும் வரம் கிடைக்கப்போகிற மாதிரி அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டி, இந்த ஆளு என்னைப் பார்த்தா மட்டும் இப்படி எந்திரிச்சு நிக்கறாரு?"

"எல்லாம் உன் முகராசிம்மா."

முகராசியாவது மண்ணாவது. போன மாதம் ஒரு நாள், "உங்க அம்மா ஏன் பேசவே மாட்டேங்கறாங்க?" என்று அவர் என்னிடம் கேட்டார். எங்கள் நாட்டில் அம்மா பெரிய பாடகி, குரலைப் பத்திரமாக வைத்திருக்க டாக்டர் உத்தரவு என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து மனிதர் ஒரு பாட்டுக்காகக் காத்திருக்கிறார்.

ஊரில் அம்மா கணக்கு டீச்சர். ஒரு முறை முறைத்தால் வகுப்பே அடங்கிப்போகும். இந்த நகரத்து பாஷையில் அம்மாவுக்கு 'நன்றி', 'வேண்டாம்' இரண்டும்தான் தெரியும். கணக்கு டீச்சர், இங்கே கணக்கில் வராத டீச்சர். (இதை அவளிடமே சொன்னேன். காது இன்னும் எரிகிறது.) கடை, பஸ், கேஸ்காரர், மேல் வீட்டு அம்மாள், எல்லோருக்கும் நடுவில் நான்தான். பள்ளிக்கூடத்தில் பொறுக்கிய பாஷையை வைத்து ஓட்டுகிறேன். நான் மொழிபெயர்ப்பதில்லை, மொழியைப் பெயர்த்தே எடுத்துவிடுவேன்.

மார்ச் 6, வியாழன்

பார்சலைப் பற்றி இங்கே எழுதவே இல்லை. பார்சல் என்றால் அம்மா வயிற்றில் இருப்பது. நாலு மாதம். பதினைந்து வருடம் நான் ஒருத்தியே அனுபவித்த வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வருகிறது, வாடகை கிடையாதாம்.

முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவுக்கு என்னைவிட வெட்கம். ஊரில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. "தோளுக்கு மேல பொண்ணு வளர்ந்து நிக்குது, என்னன்னு போய்ச் சொல்றது?" என்கிறாள். இப்போது எனக்குப் பழகிவிட்டது. காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வயிற்றில் வைத்து தினமும் அறிவிப்பு செய்கிறேன். "பார்சல், பார்சல். உள்ளேயே இரு. வெளியே வந்தால் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாங்க."

அம்மாவுக்கு ஒரு வாரமாக வாந்தி இல்லை. "அப்பாடா, ஒருவழியா அடங்கிட்டான்" என்று இன்றைக்குக் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

அப்பா வந்துவிட்டுப் போனார். லிஃப்ட் மாட்டுகிற வேலை. இப்போது வேறொரு நகரத்தில் ஒரு அடுக்குமாடிக் கோபுரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார், மாட்டிக்கொண்டும் இருக்கிறார். ஊரையெல்லாம் மேலே ஏற்றுகிற மனிதர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடுவதில்லை.

புதன்கிழமை ஸ்கேன். அப்பாவுக்கு லீவு கிடையாது. கிளம்பும்போது பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "நீ கூடப் போயிடுவியா கண்ணு?" என்றார்.

"நான் இல்லாம எங்கப்பா போவாங்க? ஸ்கேன்ல பார்சல் பேசினா அதையும் மொழிபெயர்த்துடறேன்."

"நான் இல்லாத வீட்டுக்கு நீதான் பெரிய மனுஷி."

உயரத்தில் ஏற்கெனவே அம்மாவைத் தாண்டிவிட்டேன். மீதி என்ன இருக்கிறது?

மார்ச் 12, புதன்

எழுதிவிடுகிறேன்.

பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்கள் ஸ்கேன் அறைக்குள் வரக்கூடாது என்று கவுன்ட்டரில் சொன்னார்கள். வயது என்ன என்று அந்தப் பெண் கேட்டாள். பத்தொன்பது என்றேன். கண்ணைக்கூட சிமிட்டவில்லை. அம்மாவின் உதட்டுச்சாயம் வேறு போட்டிருந்தேன். "என்னடி கேட்டாங்க?" என்றாள் அம்மா. "நான் உன் தங்கச்சியான்னு கேக்கறாங்க" என்றேன். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

காத்திருக்கிற இடத்தில் அம்மா எனக்கு ஜூஸ் டப்பா வாங்கி, உறிஞ்சுகுழலும் குத்திக் கொடுத்தாள். பத்தொன்பது வயசுக்காரி குழல் வைத்துக் குடிப்பாளா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு இயந்திரத்தில் காபி பிடித்துக் குடித்தேன். கசப்பு. முகம் சுளிக்காமல் குடித்தேன். ஜூஸை அம்மாவே குடித்துவிட்டாள்.

உள்ளே இருட்டு. டாக்டர் ஒரு வயதான அம்மாள். வயிற்றின் மேல் அந்தக் கருவியை வைத்து நகர்த்தினார். நகர்த்திக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்தார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பத்தொன்பதா?"

தலையாட்டினேன்.

அப்புறம் அவர் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துச் சொன்னார். இதயத் துடிப்பு இல்லை. இரண்டு வாரம் முன்பே நின்றிருக்கலாம். யாருடைய தப்பும் இல்லை. சனிக்கிழமை அப்பாவோடு வர வேண்டும், இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு அப்புறம் செய்ய வேண்டியதைச் செய்வார்கள். "அம்மாகிட்ட நீ சொல்லணும். நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லா வார்த்தையும் புரிந்தது. ஒன்றாவது புரியாமல் போயிருக்கக் கூடாதா?

அம்மா என்னைப் பார்த்தாள். "என்னடி சொல்றாங்க?"

"பார்சல் தூங்குதாம்" என்றேன்.

என் வாய்தான். நான் சொல்லவில்லை, அதுவே சொல்லிவிட்டது.

"தூங்குதா?"

"ஆமா. குப்புறப் படுத்துக்கிட்டு முகத்தையே காட்ட மாட்டேங்குதாம். சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தா எழுப்பிப் பார்க்கலாமாம்."

அம்மா சிரித்தாள். "உன் ரத்தம்தானே, சோம்பேறி."

அம்மா சிரித்ததைப் பார்த்து டாக்டரின் முகம் என்னவோ ஆனது. அவர் கேட்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் குப்பை கொட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். பின்னால் துளை போடுகிற சத்தம். நான் சொன்னதும் அவர் எங்கோ நடந்து போனார், சத்தம் நின்றது.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லப்பா."

"சொல்லாத. வெள்ளிக்கிழமை வந்துடறேன், நான் சொல்லிக்கறேன். அதுவரைக்கும் நீ எப்பவும் போல இரு கண்ணு. உன்னைப் பார்த்தா அவளுக்கு எதுவும் தெரியக்கூடாது."

எப்பவும் போல இருக்கணுமாம். எப்பவும் நான் எப்படி இருப்பேன்?

மார்ச் 13, வியாழன்

பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா அலமாரியின் கீழ்த் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். பார்சலுக்காம்.

ஜோக் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவாள். "அதுக்கு அதுக்குள்ள தனி ரூமா?" என்றேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அம்மா சிரித்தாள். அறிவிப்பு உண்டா என்று கேட்டாள். காகிதக் குழலை எடுத்துக்கொண்டு போய் வயிற்றில் வைத்தேன். "பார்சல், பார்சல்" — மேலே ஒன்றும் வரவில்லை. தும்மல் வந்த மாதிரி நடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சாயந்தரம் மேல் வீட்டு அம்மாள் வந்தாள். நான் அவளுக்கு வைத்த பெயர் சிசிடிவி. படியில் யார் ஏறினாலும் கதவு இடுக்கில் ஒரு கண் தெரியும். பேரன் வளர்ந்துவிட்டான் என்று மரத் தொட்டில் ஒன்றைத் துடைத்துப் பளபளவென்று தூக்கி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. அவள் நிறையப் பேசினாள். நல்ல மரம். ராசியான தொட்டில். இதில் படுத்த குழந்தை எதுவும் அழுததில்லை. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அம்மா நன்றி சொல்லித் தொட்டிலை வாங்கிக்கொண்டாள். சிசிடிவி போனதும் அம்மா என்னையே பார்த்தாள்.

"என்னடி, இன்னைக்கு அந்தம்மா சொன்னதை அப்படியே சொல்ற?"

"உனக்கு எப்படித் தெரியும் அப்படியேன்னு?"

"நீ கையைக் காலை ஆட்டாம சொன்னியே."

தொட்டில் கூடத்தில் நிற்கிறது. குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் அதைச் சுற்றித்தான் போக வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

அப்பா வேலைத் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றிவைக்காமல் நேராக வந்திருந்தார், சட்டையெல்லாம் கிரீஸ். கதவைத் திறந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார்.

"தெரியும்" என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

"அவ சொல்லல. அந்த டாக்டரம்மா என் கையைப் பிடிச்சாங்களே. குழந்தை தூங்குதுன்னு சொல்றதுக்கு யாராவது கையைப் பிடிப்பாங்களா?"

"அப்புறம் ஏம்மா சிரிச்ச?" கத்திவிட்டேன். "அலமாரியை ஏன் காலி பண்ண? அந்தத் தொட்டிலை ஏன் வாங்கின?"

"வேணாம்னா ஏன்னு கேப்பாங்க. அதையும் நீதானே சொல்லணும்." அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கேட்டா நீ உன் வாயால சொல்ல வேண்டி வரும். அதான் கேக்கல."

அப்புறம் அப்படியே வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே கதவு இடுக்கில் கண் தெரிந்தது. பிறகு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

மார்ச் 15, சனி

முடிந்தது. அம்மாவை உள்ளே கொண்டுபோனபோது எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். டாக்டர் அப்பாவிடம் என் வயதைக் கேட்டார், அப்பா என்னைக் காட்டி விரலை மடக்கி நீட்டிப் பதினைந்து என்று காட்டினார். டாக்டர் என் பக்கம் திரும்பி நின்றார். அப்புறம் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான்தான் பொய் சொன்னேன், அவர் எதற்கு?

அம்மா கண் விழித்ததும் அவர் அதையே அம்மாவிடமும் சொன்னார்.

"எதுக்குடி மன்னிப்பு கேக்கறாங்க?"

"எனக்குப் பத்தொன்பதுன்னு நான் சொல்லியிருந்தேம்மா. அதனாலதான் என்கிட்ட சொல்லிட்டாங்க."

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

அப்பா திரும்பிப் போய்விட்டார். சாதம் நான் வைத்தேன். குழைந்துவிட்டது. அம்மா அதையே சாப்பிட்டாள். குறை சொல்லாத அம்மா யாருக்கு வேண்டும்?

மார்ச் 22, சனி

தனியாகக் காய்கறி வாங்கப் போனேன். பாடகி எங்கே என்று கேட்டார் கடைக்காரர். தொண்டை சரியில்லை என்றேன். மனிதருக்கு முகம் வாடிவிட்டது. தேடிப் பிடித்து நல்ல இஞ்சியாக எடுத்துப் பையில் போட்டார். வெந்நீரில் தட்டிப்போட்டுக் குடிக்கச் சொல்ல வேண்டுமாம்.

"நான் இஞ்சி கேக்கலையே?" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டேன். பாடகி, குரல், டாக்டர் உத்தரவு, கொத்தமல்லி, எல்லாவற்றையும்.

"பாடகியா? நானா?" அம்மாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. இஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். அன்றைக்கு வாசலில் அழாததையெல்லாம் சேர்த்து.

மார்ச் 29, சனி

அம்மாவும் சிசிடிவி அம்மாளும் தொட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கை கொடுக்கப் போனேன். "நீ போய்ப் படி" என்றாள் அம்மா. மேலே போனவள் ரொம்ப நேரம் வரவில்லை. பாஷை இல்லாமல் இரண்டு பேரும் என்னதான் பேசுவார்கள்?

ஏப்ரல் 3, வியாழன்

தினமும் மத்தியானம் அம்மா மேல் வீட்டில்தான் இருக்கிறாளாம். கேட்டால், "சும்மா" என்கிறாள். பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுக்கிறாள், பக்கத்தில் போனால் நிறுத்திவிடுகிறாள். என்னை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. நோட்டீஸ்கூடக் கொடுக்காமல்.

ஏப்ரல் 9, புதன்

இன்று மறுபரிசோதனை. அதே டாக்டர், அதே அறை. பழக்கதோஷத்தில் அம்மாவுக்கு முன்னால் நான் உள்ளே போனேன். டாக்டர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

அம்மா என் தோளில் கை வைத்தாள். வகுப்பையே அடக்கும் அந்தக் குரலில், இந்த ஊர் பாஷையில், ஒப்பிப்பது மாதிரி சொன்னாள்:

"இவள் பதினைந்து. இவள் குழந்தை. என்கிட்ட சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க."

உச்சரிப்பு அப்படியே மேல் வீட்டு அம்மாள். நான் வாயைத் திறந்தேன். டாக்டர் நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நர்ஸ் என்னை வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே டாக்டர் பேசுவது கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் அம்மாவின் குரல். நிறுத்தி நிறுத்தி. அறிவிப்புப் பலகையில் இருந்ததையெல்லாம் படித்தேன், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றாலும்.

அம்மா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்னம்மா சொன்னாங்க?"

"பாதி புரிஞ்சுது."

"மீதி?"

"மீதியை நான் பாத்துக்கறேன்."

வெளியே வரும் வழியில் கடைக்கு முன்னால் நின்றாள். விரலை நீட்டி, அவளே கேட்டு, அவளே வாங்கினாள். ஜூஸ் டப்பா. உறிஞ்சுகுழலைக் குத்தி என் கையில் கொடுத்தாள்.

"குடி."

குடித்தேன்.