குழாய் வாயில் மூன்று வாத்துகள்

அன்புள்ள யுன்ஷியாவுக்கு,

உன் முட்டிவலி குறைந்ததா? நான் இங்கே குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் நிலையத்தில் நான் வெறும் காவலாளி என்று உன் தம்பி சொல்லித் திரிகிறானாமே. போன வாரம் மாவட்டமே என் பின்னால் நடந்தது என்று அவனிடம் சொல்.

லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் பாஸ்பரஸைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். திடீரென்று கருவி 0.31 காட்டியது. ஆற்றுக்குப் பொறுப்பான அதிகாரி பதறி ஓடிவந்தார். கழிவு எங்கிருந்து கலக்கிறது என்று தேடி ஆற்றோரமாகப் படையை நடத்தியது நான்தான். எட்டு கிலோமீட்டர், இல்லை, பதினெட்டு இருக்கும். ஒரு பன்றிப் பண்ணையையும் விடவில்லை. எல்லாம் சுத்தம்.

திரும்பி வந்ததும், சோதனை செய்யும் இளம்பெண் லூ, தண்ணீர் உறிஞ்சும் குழாயைப் பார்த்தாள்.

"தெங் மாமா, இந்த மூணு வாத்தும் யாரோடது?"

"விருந்தாளிங்கம்மா."

"விருந்தாளியக் குழாய் வாயிலயா கட்டுவாங்க? அதுங்க எச்சம்தான் உங்க பாஸ்பரஸ்!"

வேலி உள்ள இடம் அது ஒன்றுதானே! குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்ததே நான்தான் என்றேன். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாசக் கடைசிக்குள்ள வாத்து போகணும். இல்லேன்னா நீ போகணும்."

இரண்டை மிளகாய் போட்டு வதக்கி அவர்களுக்கே விருந்து வைத்தேன். மூன்றாவதின் கழுத்தில் கை வைக்க முடியவில்லை. விடிந்தும் நான் எழாவிட்டால் அது உன்னைப் போலவே திட்டுகிறது.

மூடியுள்ள கூடையும், நீ ஊறப்போட்ட கடுகுக்கீரை ஒரு ஜாடியும் எடுத்துக்கொண்டு வா. வாத்தைக் கூட்டிப் போகத்தான் கூப்பிடுகிறேன், வேறெதுவும் நினைக்காதே. நான்கு நாள் தங்கினால் வாத்து கோபித்துக்கொள்ளாது.

தபால் வண்டி வந்துவிட்டது.

மாவட்டத்தையே நடத்திய உன்
தெங்