இருட்டறை டொக்டருக்கு ஒரு பதில்

கண்டி, 1936 ஜூலை 6, திங்கள்

காலை முதல் தூறல். குடைக்கம்பி ஒன்று விட்டுப்போயிற்று; தைக்கக் கொடுக்க வேண்டும். மதியம் சோறு, பருப்பு, புடலங்காய். வயிற்றில் வலி இல்லை. கர்த்தருக்கு நன்றி.

சாப்பிடும்போது அந்தக் கேள்வி ஞாபகம். பெப்ரவரியில் கேட்டது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை, கும்மிருட்டு. சுண்ணாம்புக் கூழ் போல ஒன்றைக் குடிக்கத் தந்து, அது வயிற்றில் இறங்குவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார் டொக்டர். யாழ்ப்பாணத்துக் குரல்.

"மாஸ்டர், ஒரே பாடத்தை வருசா வருசம் படிப்பிக்க அலுப்பு வரேல்லையோ?"

வாய் நிறையக் கூழ். பதில் சொல்ல முடியவில்லை. பிறகு, "மூச்சைப் பிடியுங்கோ. விடுங்கோ. அடுத்த ஆள்." இருட்டில் அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. வயிற்றை அமுக்கிய விரல்கள் மட்டும் குளிர்ந்திருந்தன.

புண் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் அவர். வெட்டிக் குணமாக்கிய சேர்ஜனுக்கு என் மனைவி ரோசம்மா வாழைக்குலை கொண்டுபோனாள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஜூலை 8, புதன்

மழை விட்டது. குடை தைத்தாயிற்று. சந்தையில் சூசை, எக்ஸ்ரே அறை வேலையாள்.

"நல்லா இருக்கீங்களா மாஸ்டர்? எங்க ஐயாதான் நல்லா இல்லீங்க. சனிக்கெழமையோட வேலைய விடப் போறாராம்."

"நோயா?"

"நோய் இல்லீங்க. வெளிச்சம் பட்டா அப்புறம் இருட்டுல கண்ணு தெரியாதுன்னு, வெளியில வந்தாலும் செவப்புக் கண்ணாடிதான். தேத்தண்ணி குடிக்கறதும் அதோட. மலையெல்லாம் கறுப்பாக் கிடக்குதுங்கிறாரு. பார்த்த ஆளுக பொழச்சாங்களா செத்தாங்களான்னு அவருக்கு யாருங்க சொல்றது? சீட்டு வார்டுக்குப் போயிரும். அடுத்த ஆளு வந்துரும்."

வரும் வழியெல்லாம் யோசனை. எனக்கும் அலுத்ததுண்டு. ஒருமுறை கம்பளை ஸ்டேஷனில், பின்னக்கணக்குக்கு அழுத பழைய மாணவன் ஒருவன், உத்தியோகத் தொப்பியுடன்: "அரை, கால் எல்லாம் இப்ப தெரியும் மாஸ்டர். ரயில் முக்கா மணி லேட்டு." அதற்குப் பிறகு பின்னக்கணக்கு நடத்தவே ஆசையாயிருந்தது. டொக்டருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

ஜூலை 10, வெள்ளி

நல்ல வெயில். ரோசம்மா ஒரு சீப்புக் கதலி கட்டிக்கொடுத்தாள். "மொகம் தெரியாட்டி என்ன, வாங்கிக்கக் கை இருக்குல்ல?"

எக்ஸ்ரே அறை வாசல். சிவப்புக் கண்ணாடியுடன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் நினைத்ததைவிட இளையவர். பெயரைச் சொன்னேன். விழித்தார். புண் இருந்த இடத்தைச் சொன்னேன்.

"ஓம், ஓம். உங்கட வயிறு நல்ல ஞாபகம். முகம்தான் தெரியேல்லை."

"இப்போது மூன்று வேளையும் சோறு, டொக்டர்." கம்பளைக் கதையையும் சொன்னேன். "அன்று கேட்டீர்களே, அலுப்பு விட்டது இதனால்தான்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

சூசை பதறி ஓடிவந்தான். "ஐயா, கழட்டிட்டீங்களே. உள்ள இருக்கிற ஆளு மறுபடி காத்துக் கெடக்கணும்."

"கிடக்கட்டும், சூசை. நான் பாத்த ஆள் ஒருத்தர் நடந்து வந்து நிக்கிறார்."

கண் கூசி நீர் வடிய, என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு எதிர் மலையை. "பச்சையாத்தான் கிடக்கு."

சனிக்கிழமையைப் பற்றி மெல்லக் கேட்டேன். "ஒரு மாசம் லீவு கேக்கப் போறன், மாஸ்டர். மற்றதைப் பிறகு பாப்பம்." பழத்தில் ஒன்றை அங்கேயே உரித்தார்.

வீட்டுக்கு வந்ததும், வார்டில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த மடுல்கெல்லத் தோட்டத்துக் கங்காணிக்கு ஒரு போஸ்ட்கார்ட். அவரையும் இந்த டொக்டர்தான் பார்த்தார். எழுதியது இவ்வளவே: குணமாகிவிட்டால், அடுத்த மாதம் டொக்டர் லீவு முடிந்து வந்ததும் எக்ஸ்ரே அறை வாசலுக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.