மண் வாடை அடித்தால் சாத்துகிற கடை

இன்று காலை சாரலில் மண் வாடை அடித்தது. கொடியில் துண்டுகளை விரித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அருவிக்குக் குளிக்க வருகிறவர்களின் தைல வாடையோ, ஈரத்துணி வாடையோ என்று இரண்டு தடவை மோந்து பார்த்தேன். மண்தான். உடனே திரும்பி உன்னைத் தேடினேன். நீ கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. பயம் வந்தால் எனக்கு அது மறந்துபோகிறது.

உனக்குக் கடைசிவரை இந்த வாடை பிடிபடவே இல்லை. நீ குற்றாலத்திலேயே பிறந்து வளர்ந்தவள். உனக்கு மழை என்றால் சீசன். துண்டும் சோப்பும் நைட்டியும் விற்கிற காலம். எனக்கு மழை என்றால் செங்கோட்டைக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் இருந்த இடம். அன்றைக்கும் முதலில் ஓடையில் மண் வாடைதான் வந்தது. எனக்குத் தெரிந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மறுநாள் மலை சரிந்து, அம்மா இருந்த வீட்டு வரிசை மண்ணுக்குள் போய்விட்டது. இதை நான் உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

அதற்கப்புறம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தேன். ஒருவன் வந்து வெளிநாட்டில் வீட்டு வேலை, சாப்பாடு, தங்க இடம் என்று தேனாகப் பேசினான். பாஸ்போர்ட்டை அவர்களே வைத்துக்கொள்வார்களாம். கடைக்குத் துண்டுக் கட்டோடு பஸ்ஸுக்கு நின்ற நீ, முன்பின் தெரியாத என்னிடம், "ஏட்டி, போற வீட்டுல கதவத் தொறந்து நெனச்ச நேரம் வெளிய வர முடியுமான்னு கேளு," என்றாய். கேட்டேன். அவன் போன் பேசுகிற சாக்கில் நழுவினான்.

"அப்ப நம்ம கடைக்கு வா. அங்கன கதவே கிடையாது. ஒரு தார்ப்பாய்தான்," என்றாய்.

முதல் சீசனிலேயே உனக்கு என்னால் வம்பு. ஞாயிற்றுக்கிழமை, நிற்க இடமில்லாத கூட்டம். மண் வாடை அடிக்கிறது, அருவியில் வெள்ளம் வரப்போகிறது, போய்விடுவோம் என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ மூக்கை உறிஞ்சிப் பார்த்தாய். "எனக்கு ஒண்ணும் அடிக்கலட்டி. ஆனா நீ சொல்லுத. சாத்துவோம்."

சாத்தினோம். வெள்ளம் வரவில்லை. "என்ன தாயி, பட்டப்பகல்லயே தூக்கமா?" என்று சிப்ஸ் கடை அண்ணாச்சி சிரித்தார். அந்த சீசனில் ஐந்து தடவை அப்படிச் சாத்தினோம். ஒரு தடவைகூட வெள்ளம் வரவில்லை. ஐந்தாம் தடவை எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உன் பிழைப்பைக் கெடுக்கிறேன் என்றேன். நீ துண்டை மடித்தபடியே, "வராட்டி நல்லதுதானட்டி. வந்தாத்தான் உனக்கு நிம்மதியோ?" என்றாய். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது அதையே நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது என்னோடு கடையில் செல்வி இருக்கிறாள். அவளும் எங்கள் எஸ்டேட்தான். அதே சரிவில் புருஷனைப் பறிகொடுத்தவள். நேற்று அவளிடம் ஒருவன் வந்து வெகுநேரம் பேசிவிட்டுப் போனான். அதே வீட்டு வேலை, அதே பாஸ்போர்ட் பேச்சு. இந்த மாதத்தில் ஏற்கனவே இரண்டு தடவை சாத்திவிட்டேன். இன்றைக்கும் சாத்தினால், இந்தக் கடையை நம்பி என்ன ஆகப்போகிறது என்று அவள் அவன் பின்னால் போய்விடலாம். சாத்தாமல் இருந்து, இன்றைக்கே வெள்ளம் வந்துவிட்டால்? நீ இருந்தவரை நான் பயந்தால் போதும், மற்றதை நீ பார்த்துக்கொள்வாய்.

அடுத்த துண்டை எடுத்துக் கொடியில் விரித்தேன். லயத்து வாசலிலும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது.

"செல்வி, சாத்திருவோம்," என்றேன்.

திரும்பினால், அவள் அதற்குள் ஸ்டூலில் ஏறி, தார்ப்பாயை இறக்கக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அடிக்குதுக்கா. காலையில இருந்தே அடிக்குது. மறுபடியும் சாத்தச் சொன்னா உங்க பொழப்பு கெடுமேன்னு வாயத் தொறக்கல."

நான் அவளைத் திட்டவில்லை. அவளிடம் என்ன சொல்லித் திட்டுவேன்? இனிமேல் உடனே சொல்லிவிடு என்று மட்டும் சொன்னேன். அண்ணாச்சி சிரித்தார். நாங்கள் இருவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனோம்.

சாயங்காலம்வரை வெள்ளம் வரவில்லை. பஸ் ஏறும்போது செல்வி, "நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்க்கா?" என்று கேட்டாள். எட்டு மணிக்கு என்றேன்.

எனக்கு அடித்த வாடை இன்றைக்கு அவளுக்கும் அடித்தது. அதனால் அவள் சாத்தினாள். உனக்கு ஒரு நாளும் அடித்ததில்லை. ஐந்து தடவையும் நீ சாத்தினாய்.